அழித்து அழித்து வரைந்த படம்!

ஸ்பெயின் நாட்டில் குவெர்னிகா என்று ஓர் ஊர். 1937-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி, திங்கட்கிழமை. அன்று அங்கே சந்தை நாள்.

மாலையில் விமானங்கள் வந்தன. குண்டு மாரி பொழிந்தன. மூன்று மணி நேரத்துக்கு மேல்! ஊர் தீப்பற்றி எரிந்தது. பெண்களும் குழந்தைகளும் மாண்டார்கள்.

அவை, உள்நாட்டுப் போரில் பிராங்கோவுக்கு உதவியாக ஜெர்மனியும் இத்தாலியும் அனுப்பிய விமானங்கள்.

ஸ்பெயினில் பிறந்த ஓவியர் பிகாசோ அப்போது பாரிஸ் நகரில் இருந்தார். அங்கு நடக்க இருந்த பொருட்காட்சிக்கு ஒரு பெரிய படம் வரைந்து தரும்படி ஸ்பெயின் குடியரசு அரசாங்கம் ஜனவரி மாதமே அவரைக் கேட்டிருந்தது. மாதங்கள் ஓடின. படம் பிறக்கவில்லை.

குவெர்னிகா செய்தி வந்தது. பென்சிலை எடுத்தார்.

பிள்ளைக் கிறுக்கல்

மே 1-ந் தேதி முதல் காகிதம். ஒரு காளை, ஒரு குதிரை, விளக்கை நீட்டும் ஒரு பெண். அவசரக் கோடுகள்தான். ஆனால் இந்த மூவரும் கடைசி வரை படத்தை விட்டுப் போகவில்லை.

அதே நாளில் இன்னொரு குதிரையையும் வரைந்தார். சிறு பிள்ளை சிலேட்டில் கிறுக்கியது போல் இருக்கிறது அது! பிகாசோவுக்கா வரையத் தெரியாது? வேண்டுமென்றே அப்படிப் போட்டுப் பார்த்தார்.

குதிரையின் காயத்திலிருந்து ஒரு குட்டிச் சிறகுக் குதிரை வெளியே வருவது போலவும் வரைந்தார். பிறகு அதை விட்டுவிட்டார்.

செத்த குழந்தையை ஏந்திய தாயை ஏணியில் நிறுத்தினார். வண்ணமும் தீட்டினார். பெரிய படத்தில் ஏணியும் இல்லை, வண்ணமும் இல்லை. கருப்பு, வெள்ளை, சாம்பல் நிறம்தான். தாய் மட்டும் அண்ணாந்து அலறுகிறாள்.

இப்படிச் சுமார் 45 படங்கள். ஒவ்வொன்றிலும் தேதி போட்டு வைத்தார். அதனால்தான் அவர் மனம் போன வழி இன்று நமக்குத் தெரிகிறது.

மறைந்த கை

பெரிய துணியின் அகலம் 25 அடிக்கு மேல். உயரம் 11½ அடி. அறையில் நேராக நிற்கவில்லை. சாய்த்து வைத்து வரைந்தார். அவருடைய தோழி டோரா மார் அவ்வப்போது புகைப்படம் எடுத்தார்.

முதல் புகைப்படத்தில், விழுந்து கிடக்கும் வீரன் முஷ்டியை உயர்த்துகிறான். அடுத்ததில் அந்தக் கையில் கோதுமைக் கதிர்; பின்னால் பெரிய சூரியன்.

நல்ல கற்பனை! யாருக்கும் அழிக்க மனம் வராது. பிகாசோ அழித்தார். கை போயிற்று. சூரியன் சுருங்கி, கண் போல ஆகி, அதற்குள் ஒரு மின்சார விளக்கு வந்தது. கீழே கிடந்த வீரனிடம் மிஞ்சியவை உடைந்த வாளும், ஒரு சிறு பூவும்தான்.

தலை கவிழ்ந்திருந்த குதிரையையும் நிமிர்த்தினார். அது வாயைப் பிளந்து கதறியது.

ஜூன் மாதத் தொடக்கத்தில் படம் முடிந்தது.

ஸ்பெயினில் மக்கள் உரிமை திரும்பிய பிறகே படம் அங்கே போக வேண்டும் என்பது பிகாசோவின் விருப்பம். அதனால் அது பல ஆண்டுகள் நியூயார்க்கில் இருந்தது. பிகாசோ 1973-ல் காலமானார். பிராங்கோ 1975-ல் இறந்தார். 1981-ல் படம் ஸ்பெயினுக்குப் போய்ச் சேர்ந்தது.

பென்சில் படங்களும் கூடவே போயின. இப்போது மாட்ரிட் நகரில் ரெய்னா சோபியா காட்சிச்சாலையில் அவை இருக்கின்றன. பெரிய படத்தில் இடம் கிடைக்காத அந்தக் குட்டிக் குதிரையை அங்கே பார்க்கலாம்.