மஞ்சள் நோட்டீஸும் பூட்டிய வீடும்

அனுமந்தன்பட்டியில் ஒரு வீடு நாலு நாள் பூட்டிக் கிடந்தால் தெருவே பேசத் தொடங்கிவிடும். "ஏலக்காட்டு வேலைக்குப் போயிருப்பாங்க" என்பார் ஒருவர். "திருப்பூர்ப் பக்கம் போயிட்டாங்களாம்" என்பார் இன்னொருவர். தண்டல்காரரின் பைக் வாசலில் நின்று இரண்டு தடவை ஆரன் அடித்துவிட்டுத் திரும்பும்போது எல்லோருக்கும் புரிந்துவிடும். ராவோடு ராவாகக் கிளம்பிவிட்டார்கள். பிள்ளையின் பள்ளிக்கூடச் சான்றிதழை வாங்கக்கூட நேரம் இருந்திருக்காது.

ஊரை விட்டுப் போகிறவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதாக நினைக்கிறார். சட்டம் அப்படி நினைப்பதில்லை. கடன் கொடுத்தவர்களுக்கு முகம் காட்டாமல் இருக்க வீட்டை விட்டு விலகுவதையே, 1920-ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டம் 'திவால் செயல்'களில் ஒன்றாக வைத்திருக்கிறது. அதைக் காட்டி மூன்று மாதத்துக்குள் கடன் கொடுத்தவரே அவரைத் திவாலானவர் என்று அறிவிக்கச் சொல்லி மனுப் போடலாம். அதே கோர்ட்டுக்குக் கடன்பட்டவரே முதலில் போயிருந்தால் கேட்டுப் பெற்றிருக்கக்கூடிய பாதுகாப்புகள் சில உண்டு. அவை தெரியாமல்தான் வீடுகள் பூட்டப்படுகின்றன.

கடன் எப்படி ஏறுகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். கம்பம் பள்ளத்தாக்கில் கடன் வாங்காமல் விவசாயம் இல்லை. முல்லைப் பெரியாறு தண்ணீரில் இரண்டு போகம் நெல் எடுப்பவருக்கு நாற்று நடவில் தொடங்கி அறுப்பு வரை கையிலிருந்து பணம் போய்க்கொண்டே இருக்கும். திராட்சை போட்டவர் பாடு இன்னும் கடினம். கல்தூண், கம்பி, பந்தல் என்று முதல் வருமானத்துக்கு முன்பே பெருந்தொகை மண்ணில் இறங்கிவிடுகிறது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஊருக்கே பெருமைதான். ஆனால் பழுக்கும் நேரத்தில் நாலு நாள் மழை பிடித்தால் பழம் வெடித்துவிடும். அந்த மழைக்கு எந்தக் குறியீடும் குடை பிடிக்காது.

அப்போது வருவதுதான் வெளிக்கடன். நம் ஊரில் வட்டியை ஆண்டுக் கணக்கில் யாரும் சொல்வதில்லை. 'மூணு வட்டி', 'அஞ்சு வட்டி' என்பார்கள். மூன்று என்ற சொல் சின்னதாகக் கேட்கும். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்றால் ஒரு லட்சத்துக்கு வருடம் 36,000. அஞ்சு வட்டி என்றால் 60,000. அசல் அப்படியே நிற்கும்.

தண்டலில் கணக்கு இன்னும் மறைந்திருக்கிறது. மடித்து வைக்கிற ஒரு சின்ன அட்டை, அதில் நூறு கட்டம். 10,000 ரூபாய்க் கடன் என்று எழுதி 8,500-ஐக் கையில் கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய், நூறு நாள். கட்டியதும் ஒரு கட்டத்தில் கிறுக்கல் விழும். 'பதினைந்து சதவீதம்தானே' என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலும் சேர்ந்து திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. முழுப் பணமும் நம் கையில் ஒரு நாள்கூடத் தங்குவதில்லை. இதை ஆண்டு வட்டியாக்கினால் நூறு சதவீதத்தைத் தாண்டும். அந்த அட்டையை முடிக்க இன்னொரு அட்டை, அதை முடிக்க மகளிர் குழுக் கடன், அதற்குத் தவணை கட்ட நகை அடகு. ஐந்தாவது கடனை அடைக்க ஆறாவது வாங்கும் நாளில்தான் ஒருவர் உண்மையில் நொடித்துப் போகிறார். ஊருக்குத் தெரிவது அதற்குப் பல மாதம் கழித்து.

இனி மஞ்சள் நோட்டீஸுக்கு வருவோம். 'ஐ.பி. கொடுத்துட்டான்', 'மஞ்சக் கடுதாசி விட்டுட்டான்' என்று நம் ஊரில் ஏசுவது போலச் சொல்கிறார்கள். ஐ.பி. என்பது திவால் மனு. ஒரு சிவில் மனு, அவ்வளவுதான். சென்னை, மும்பை, கொல்கத்தா நகரங்களுக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம். தேனி மாவட்டம் உள்ளிட்ட மற்ற ஊர்களுக்கு 1920-ஆம் ஆண்டுச் சட்டம். மாவட்ட நீதிமன்றத்திலோ, அதற்கென அதிகாரம் பெற்ற சார்பு நீதிமன்றத்திலோ மனுப் போட வேண்டும். கடனைத் திருப்ப முடியாத நிலை இருக்க வேண்டும். கடன் குறைந்தது 500 ரூபாய் இருக்க வேண்டும். நூறாண்டுக்கு முன் எழுதிய தொகை இன்றும் அப்படியே நிற்கிறது. யார் யாருக்கு எவ்வளவு, சொத்து என்னென்ன என்று ஒன்றுவிடாமல் மனுவில் எழுத வேண்டும்.

நீதிமன்றம் அவரைத் திவாலானவர் என்று அறிவித்தால் சொத்து முழுவதும் நீதிமன்றத்தின் வசமோ ரிசீவர் வசமோ போய்விடும். கடன் கொடுத்தவர்கள் தனித்தனியாக அவர் மேல் பாய முடியாது. நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். கைதிலிருந்து பாதுகாப்பு கேட்டுத் தனி உத்தரவும் வாங்கலாம். அது தானாக வராது, கேட்க வேண்டும்.

'எல்லாம் போய்விடும்' என்ற பயம்தான் பலரை இரவில் கிளப்புகிறது. எல்லாம் போகாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு எவற்றை ஜப்தி செய்யக்கூடாது என்று சொல்கிறதோ, அவை திவாலிலும் ரிசீவர் கைக்குப் போவதில்லை. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத தாலி போன்ற நகை, உழவுக் கருவிகள், உழுது பிழைக்கத் தேவையான மாடு, விதை நெல், விவசாயியோ கூலித் தொழிலாளியோ குடியிருக்கும் சொந்த வீடு. இந்தப் பட்டியலை ஒவ்வொரு ஊராட்சிச் சுவரிலும் எழுதி வைக்க வேண்டும் என்பது என் ஆசை. ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு: அந்த வீட்டையே அடமானம் எழுதிக் கொடுத்திருந்தால் இந்தக் காப்பு நிற்காது. அடமானம் வாங்கியவரின் உரிமையைத் திவால் மனு தொடுவதில்லை.

பணம் இல்லாத ஒரே காரணத்துக்காக ஒருவரைச் சிவில் சிறையில் அடைக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதிபதி கிருஷ்ணய்யர். கட்ட வசதி இருந்தும் ஏய்ப்பவருக்குத்தான் சிறை. பணக் கடன் தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது. 'அம்மாவை போலீஸ் வந்து கூட்டிட்டுப் போயிரும்' என்று வாசலில் நின்று மிரட்டுகிறவரிடம் இதைத் தைரியமாகச் சொல்லலாம். ஆனால் செக் கொடுத்திருந்தால் கதை வேறு. பணமின்றித் திரும்பிய செக் குற்ற வழக்கு. இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு, ஐ.பி. போட்டதால் அது நின்றுவிடாது. தேதி போடாத செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள் என்று நூறு தடவை சொன்னாலும் தகும்.

ஐ.பி.யைத் தந்திரமாக நினைப்பவர்களும் இருக்கிறார்கள். தோட்டத்தை மச்சான் பெயருக்கு எழுதிவிட்டு மனுப் போடுவார்கள். மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் விலை வாங்காமல் எழுதிக் கொடுத்ததை நீதிமன்றம் ரத்து செய்யலாம். வேண்டிய ஒருவருக்கு மட்டும் கடைசி மூன்று மாதத்தில் கடனைத் தீர்த்ததும் அப்படியே. சொத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. நேர்மையாக நொடித்த நூறு பேர் தலைகுனிந்து நடப்பதற்கு, இப்படி ஏமாற்றிய நாலு பேர்தான் காரணம்.

மனுவோடு வேலை முடிந்துவிடுவதாக நினைப்பது இன்னொரு தவறு. திவால் என்று அறிவிக்கும்போதே, விடுவிப்புக் கேட்க நீதிமன்றம் ஒரு கெடு வைக்கும். அதைத் தவறவிட்டால் அறிவிப்பே ரத்தாகி, கடன்கள் பழையபடி உயிர்பெறும். சொத்து ரூபாய்க்கு எட்டணா அளவுக்குக்கூடக் கடனை ஈடுகட்டவில்லை என்றால், அது தன் தவறால் நேரவில்லை என்று காட்ட வேண்டும். மழையும் நோயும் இங்கே காரணமாகும், சூதாட்டம் ஆகாது. விடுவிப்புக் கிடைத்தாலும் அரசுக்குக் கட்ட வேண்டியதும், மோசடியால் வந்த கடனும், ஜீவனாம்சமும் தீராது. இங்கிலாந்தில் திவாலானவர் பெரும்பாலும் ஓராண்டில் விடுபடுகிறார். இங்கே 2016-இல் வந்த புதிய திவால் சட்டம், ஆண்டு வருமானம் 60,000-க்கும் கடன் 35,000-க்கும் மேற்படாத, சொந்த வீடு இல்லாத ஏழைக்குப் 'புதுத் தொடக்கம்' என்ற வழியை எழுதி வைத்தது. நிறுவனக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் அதன் தனிநபர் பகுதி 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. கூலிக்காரருக்கான கதவு எழுதிய தாளிலேயே இருக்கிறது. இது எனக்கு ஆறாத வருத்தம்.

எனக்கு மிகவும் வலிப்பது ஜாமீன் கையெழுத்து. கடன்பட்டவர் விடுவிக்கப்பட்டாலும் அவருக்கு ஜாமீன் நின்றவர் விடுவிக்கப்படுவதில்லை. சட்டமே அப்படிச் சொல்கிறது. 'சும்மா ஒரு கையெழுத்துதான் மாமா' என்று கேட்டு வாங்கிய அந்தக் கையெழுத்துக்காக, ஒரு ரூபாயும் பார்க்காத மனிதர் தன் நிலத்தை விற்கிறார். ஓடியவர் வீட்டுப் பூட்டைவிட, ஓடாமல் இருக்கும் ஜாமீன்தாரரின் திண்ணையில்தான் அதிகக் கூட்டம் கூடுகிறது.

வசூலுக்கும் எல்லை உண்டு. குழுக் கடன் கொடுக்கும் நிறுவனங்களின் ஆட்கள் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வசூலிக்கக் கூடாது. குறித்த இடத்துக்குத்தான் வர வேண்டும். அங்கே அடுத்தடுத்து இரண்டு முறை வராதவர் வீட்டுக்குத்தான் போகலாம். குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் கொடுக்கவும் கூடாது. 2022 ஏப்ரல் முதல் இது ரிசர்வ் வங்கியின் விதி. மீறினால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், எண் 14448. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் மூன்றையும் 2003-ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை. சட்டம் இருந்தும் 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு குடும்பமே தீக்குளித்ததை நாம் பார்த்தோம். மிரட்டி வசூலிப்பதற்கு எதிராக 2025-இல் இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது. மனம் அந்த வாசல் பக்கம் போகிறது என்றால் கடனை அப்புறம் பார்க்கலாம். உதவி எண்களான 104-க்கோ 14416-க்கோ அப்போதே பேசுங்கள்.

ஐ.பி.க்கு முன்னால் வேறு படிகளும் உண்டு. வங்கியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் தவணையை மாற்றி எழுதக் கேட்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் வட்டியைக் குறைத்து ஒரே தொகையாகப் பேசி முடிக்கலாம். பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார், எண் 15100. நேரில் போவதென்றால் உத்தமபாளையம் நீதிமன்ற வளாகத்தில் கேளுங்கள். போகும்போது தண்டல் அட்டைகள், குழுக் கடன் பாஸ்புக், நகைக் கடன் ரசீது, புரோநோட்டு நகல் இருந்தால் அது, பட்டா, ஆதார் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்கு என்ன தேதியில் எவ்வளவு கட்டினோம் என்பதை முந்தின நாள் இரவே ஒரு நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள். ஜாமீன் போட்ட மாமாவையும் பஸ்ஸில் கூடவே ஏற்றிக்கொண்டு போங்கள். வக்கீலிடம் அவர் கேட்க வேண்டிய கேள்விகளும் இருக்கின்றன.