சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் என்ன நிறம்?

குள்ளஞ்சாவடியில் இருக்கும் என் அக்கா வீட்டில் புதிதாகக் கம்ப்யூட்டரும் கலர் பிரிண்டரும் வாங்கினார்கள். விடுமுறைக்குப் போயிருந்த நான், ஒன்றாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகளுக்கு விண்டோஸில் உள்ள பெயிண்ட் புரோகிராமைக் காட்டினேன். சிவப்பையும் பச்சையையும் கலந்தால் மஞ்சள் வரும் என்று அவள் கண் முன்னால் செய்தும் காட்டினேன்.

ஒரு மாதம் கழித்து அக்காவிடமிருந்து போன். பள்ளித் தேர்வில், சிவப்பும் பச்சையும் கலந்தால் என்ன நிறம் என்று கேட்டிருக்கிறார்கள். குழந்தை "மஞ்சள்" என்று எழுதியிருக்கிறாள். பெரிய சிவப்புப் பெருக்கல் குறி. "மாமா பொய் சொல்லிட்டாங்க" என்று அழுதவள், அதன் பிறகு கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லையாம்.

தவறு என்னுடையதுதான். பாதி உண்மையை மட்டும் அவளுக்குச் சொல்லியிருந்தேன். வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கியுள்ள நீங்களும் உங்கள் குழந்தைகளிடம் இதே தவறைச் செய்யக் கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

மானிட்டரில் மஞ்சள் இல்லை

உங்கள் மானிட்டரில் படம் முழுவதும் சின்னஞ்சிறு புள்ளிகளால் ஆனது. இவற்றை பிக்ஸல்கள் என்பார்கள். 1920 x 1080 அளவுள்ள திரையில் 20,73,600 பிக்ஸல்கள் இருக்கும். ஒவ்வொரு பிக்ஸலுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று விளக்குகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் வெளிச்சத்தையும் 0 முதல் 255 வரை கூட்டிக் குறைக்கலாம். 256 x 256 x 256 என்று பெருக்கினால் 1,67,77,216 நிறங்கள் கிடைக்கும்.

மஞ்சளுக்கென்று தனி விளக்கு கிடையாது. நம் கண்ணில் நிறங்களை உணரும் செல்கள் மூன்று வகை. சிவப்பு ஒளியும் பச்சை ஒளியும் சேர்ந்து கண்ணில் விழும்போது, மஞ்சள் ஒளி விழுந்தால் அந்தச் செல்கள் எப்படித் தூண்டப்படுமோ அப்படியே தூண்டப்படுகின்றன. மூளை அதை மஞ்சள் என்று எடுத்துக்கொள்கிறது. இந்த மூவகை உணர்வைப் பற்றி தாமஸ் யங் 1802-லேயே கூறிவிட்டார். ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1861-ல் லண்டனில் சிவப்பு, பச்சை, நீல ஒளிகளை ஒரே திரையில் சேர்த்து, ஒரு ரிப்பனின் வண்ணப் படத்தையே காட்டினார்.

நீங்களே செய்து பாருங்கள்

பெயிண்டைத் திறந்து, வண்ணக் கட்டங்களின் அருகில் உள்ள எடிட் கலர்ஸ் என்பதில் க்ளிக் செய்யுங்கள். ரெட், கிரீன், புளூ என மூன்று கட்டங்கள் கிடைக்கும். 255, 255, 0 என்று கொடுத்தால் மஞ்சள். 255, 128, 0 என்றால் ஆரஞ்சு. மூன்றும் 255 என்றால் வெள்ளை, மூன்றும் 0 என்றால் கறுப்பு. எண்களைக் குழந்தையையே டைப் செய்யச் சொல்லுங்கள். என்ன நிறம் வரும் என்று முதலில் அவர்கள் ஊகித்துச் சொல்லட்டும்.

இப்போது திரை முழுவதும் மஞ்சளை நிரப்புங்கள். கடிகாரம் ரிப்பேர் செய்பவர்கள் கண்ணில் பொருத்திக்கொள்வார்களே, அது போன்ற ஒரு லென்ஸ் கிடைத்தால் அதன் வழியே திரையைப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் மட்டும் எரியும், நீலம் அணைந்திருக்கும். திரையில் தண்ணீர்த் துளி வைத்துப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். மானிட்டரில் அதைச் செய்ய வேண்டாம், தண்ணீர் உள்ளே இறங்கினால் செலவு உங்களுக்குத்தான்.

டம்ளரில் வேறு கணக்கு

அடுத்து சமையலறைக்கு வாருங்கள். மூன்று கண்ணாடி டம்ளர்களை வரிசையாக வையுங்கள். முதல் டம்ளரில் மஞ்சள் வாட்டர் கலர் கரைத்த தண்ணீர், மூன்றாவதில் நீலம். நடுவில் உள்ளது காலி. பழைய வேட்டியில் இரண்டு பட்டைகள் கிழித்து நனைத்து, இரு பக்க டம்ளர்களிலிருந்தும் நடு டம்ளருக்குப் பாலம் போல் போடுங்கள். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல் தண்ணீர் துணியில் ஏறி நடு டம்ளரில் சொட்டும். சில மணி நேரத்தில் அங்கே பச்சைத் தண்ணீர் சேர்ந்திருக்கும்.

காரணம் இதுதான். சாயம் ஒளியைத் தருவதில்லை, விழுங்குகிறது. மஞ்சள் சாயம் நீல ஒளியை விழுங்கிவிடும். நீலச் சாயம் சிவப்பு ஒளியை விழுங்கும். இரண்டுக்கும் தப்பி வெளியே வருவது பச்சை. சிவப்புச் சாயத்தையும் பச்சைச் சாயத்தையும் கலந்தால் ஏறக்குறைய எல்லா ஒளியும் விழுங்கப்பட்டு, சேறு போன்ற பழுப்பு நிறம்தான் மிஞ்சும். பள்ளியில் எதிர்பார்த்த விடை இதுதான்.

உங்கள் கலர் பிரிண்டரும் சாயக் கட்சிதான். அதில் சியான் என்னும் வெளிர்நீலம், மெஜந்தா என்னும் கருஞ்சிவப்பு, மஞ்சள் ஆகிய மைகள் இருக்கும். மூன்றையும் கலந்தாலும் சுத்தமான கறுப்பு வராது என்பதால் கறுப்பு மை தனியாக உண்டு. திரையில் பளிச்சென்று தெரியும் பச்சை, பேப்பரில் மங்கலாக வந்தால் உடனே பிரிண்டர் கெட்டுவிட்டது என்று முடிவு செய்துவிடாதீர்கள். ஒளியில் கிடைக்கும் எல்லா நிறங்களும் மையில் கிடைப்பதில்லை.

ஆரத்தித் தட்டில் மூன்றாவது கணக்கு

மஞ்சளும் வெள்ளையும் கலந்தால் வெளிர் மஞ்சள் வர வேண்டும். ஆனால் ஆரத்தித் தட்டில் மஞ்சள் தூளுடன் வெள்ளைச் சுண்ணாம்பைச் சேர்த்தால் ஏன் சிவப்பாகிறது? இது நிறக் கலவை அல்ல, வேதி மாற்றம். மஞ்சளில் உள்ள குர்குமின், சுண்ணாம்பு போன்ற காரப்பொருளைத் தொட்டால் சிவக்கும். அதில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்துகொண்டே வந்தால் மீண்டும் மஞ்சளாகிவிடும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. எனவே அதைப் பெரியவர்களே கையாளுங்கள், குழந்தை எலுமிச்சை பிழியட்டும்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது மூன்றையும் அக்கா மகளுடன் உட்கார்ந்து செய்தேன். முதலில் தள்ளித்தான் நின்றாள். துணிப் பாலத்திலிருந்து முதல் பச்சைச் சொட்டு விழுந்ததும் டம்ளரை விட்டு நகரவில்லை. ஆரத்தி நீர் மஞ்சளாகத் திரும்பியபோது, "மாமா, இன்னொரு எலுமிச்சம்பழம் இருக்கா?" என்று கேட்டாள்.

உங்கள் குழந்தை நிறத்தைப் பற்றித் தவறாகத் தோன்றும் ஒரு விடையைச் சொன்னால், உடனே "தப்பு" என்று சொல்லிவிடாதீர்கள். "எதில் பார்த்தாய்?" என்று ஒரு முறை கேளுங்கள். சிவப்பையும் பச்சையையும் அடிக்கடி மாற்றிச் சொல்லும் குழந்தையைத் திட்டாமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள், நிறக்குருடாகவும் இருக்கலாம்.