கலயத்துச் சுண்ணாம்பு

மாசி பிறந்து வெயில் ஏறத் தொடங்கினால், திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள சாலையோரங்களில் பதனிப் பானைகள் வந்து உட்கார்ந்துவிடும். பனையோலைப் பட்டையில் ஊற்றி, நுங்கு நசுக்கிப் போட்டுத் தருவார்கள். அதே மரத்தில், அதே பாளையில் கட்டிய கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவாமல் விட்டிருந்தால் அதற்குப் பெயர் கள். குடித்தவரையும் விற்றவரையும் போலீஸ் தேடும்.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வீட்டிலேயே பீர் காய்ச்சுவது லட்சக்கணக்கானோரின் பொழுதுபோக்கு. அதில் பாதி வேலை சர்க்கரையை உண்டாக்குவதுதான். பார்லியில் இருப்பது மாவுச்சத்து. ஈஸ்ட் அதைத் தொடாது. எனவே பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்துகிறார்கள். முளைக்கும்போது ஊறும் நொதிகள்தான் மாவை உடைப்பவை. முளைதானியத்தை நொறுக்கிச் சுமார் 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்தால் இனிப்புச் சாறு இறங்கும். அதை ஹாப்ஸ் பூவோடு கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் தூவி, காற்று உள்ளே போகாமல் மூடுகிறார்கள். ஹைட்ரோமீட்டரில் சாற்றின் அடர்த்தி 1.050-லிருந்து 1.010-க்கு இறங்கினால் ஏறக்குறைய 5 சதவீதம் ஆல்கஹால் என்று கணக்கு. மீதி நேரமெல்லாம் பாத்திரம் கழுவுவதில் போகும். வேண்டாத கிருமி ஒன்று புகுந்தாலும் அத்தனையும் பாழ். ஆப்பிள் சாற்றில் சர்க்கரை ஏற்கெனவே இருப்பதால், சைடர் செய்பவருக்கு முதல் பாதி வேலை மிச்சம்.

பனை அதையும் தாண்டியது. பாளையிலிருந்து சொட்டும்போதே நூற்றுக்குப் பத்துக்கு மேல் சர்க்கரை. அரைப்பதும் இல்லை, பிழிவதும் இல்லை. ஈஸ்ட்டும் வாங்க வேண்டியதில்லை. பழைய கலயத்தின் நுண்துளைகளில் ஒளிந்திருக்கிறது, பூச்சிகளின் காலில் ஒட்டி வருகிறது. திண்டுக்கல் வெயிலில் சாறு மரத்திலேயே நுரைக்க ஆரம்பித்துவிடும். ஒரு நாளுக்குள் பீர் அளவுக்கு ஆல்கஹால் சேரும். அப்படியே விட்டால் புளித்துக் காடியாகும்.

ஆகவே நம் பனையேறியின் கைத்திறன் நொதிக்க வைப்பதில் இல்லை, நொதிக்க விடாமல் தடுப்பதில் இருக்கிறது. பாளையைக் கடிப்பால் நசுக்கிப் பதப்படுத்துவார். பிறகு காலையும் மாலையும் ஏறி நுனியை மெல்லிசாகச் சீவுவார். தடிமனாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். சீவாமல் விட்டால் வெட்டுவாய் அடைத்துச் சொட்டு நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் கலயத்தின் உட்புறம் நீற்றிய சுண்ணாம்பைத் தடவிக் கட்டுவார். ஈஸ்ட்டுக்கு லேசான புளிப்பில்தான் தெம்பு. சுண்ணாம்பின் காரம் அதை முடக்கிப்போடும். இன்னொரு நன்மையும் உண்டு. புளிப்பு ஏறினால் சாற்றின் சர்க்கரை குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என இரண்டாக உடைந்துவிடும்; அந்தச் சாற்றை எவ்வளவு காய்ச்சினாலும் கருப்பட்டி சரியாக இறுகாது. சுண்ணாம்பு குறைந்தால் புளிப்பு, கூடினால் நாக்கில் கரிப்பு. இந்த அளவை எந்தக் கருவியும் சொல்வதில்லை, கைதான் சொல்கிறது.

கள்ளில் ஈஸ்ட் மட்டும் வேலை செய்வதில்லை. இட்லி மாவைப் பொங்கவைக்கும் லியூகோனாஸ்டாக் அங்கேயும் உண்டு. கூடவே சைமோமோனாஸ் என்றொரு பாக்டீரியா. ஈஸ்ட்டைவிட வேகமாகச் சர்க்கரையை ஆல்கஹாலாக்க வல்லது. இதே கிருமியைத்தான் 1912-ல் இங்கிலாந்தில் பார்க்கர், ஹில்லியர் என்ற இருவர் சைடரைக் கெடுக்கும் நோய்க்குக் காரணம் என்று எழுதினார்கள். சைடர் பீப்பாயில் அது திருடன். கள் கலயத்தில் வீட்டுக்காரன்.

சட்டத்தின் கதை வேறு. பிரிட்டன் 1963-லும் அமெரிக்கா 1978-லும் வீட்டுப் பீருக்கு வழிவிட்டன. பெரியவர்கள் இரண்டு பேர் உள்ள அமெரிக்க வீட்டுக்கு ஆண்டுக்கு 200 கேலன் வரை, அதாவது சுமார் 757 லிட்டர், வரியில்லை, விற்கத்தான் கூடாது. இங்கே 1937-ல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிவைத்த மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. சொந்தப் பானையில் திராட்சை ரசத்தை நொதிக்க வைத்தாலும் குற்றம்தான். 1981-ல் திறந்த கள்ளுக்கடைகள் 1987-ல் மூடப்பட்டன. கலப்படத்தைக் காரணம் காட்டுகிறார்கள். அது பொய்யான பயமல்ல. ஆனால் டாஸ்மாக் கடையில் பீர் விற்றுக்கொண்டு கள்ளை மட்டும் விலக்கிவைப்பது எனக்கு விளங்காத நியாயம். இதில் ஆப்பத்துக்கும் நஷ்டம்: கள் ஊற்றிப் பொங்கவைத்த மாவின் இடத்தைக் கடை ஈஸ்ட் பிடித்துக்கொண்டது.

பதனி குடிக்கப் போகிறவர்கள் காலையிலேயே போங்கள். சூடு ஏற ஏறச் சுண்ணாம்பு பின்வாங்கும், நுரை முன்வரும். சந்தேகமானால் மஞ்சள் தடவிய காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்: காரம் மிகுந்திருந்தால் சிவக்கும், மஞ்சளாகவே நின்றால் நாக்கில் வைத்துப் புளிப்பைப் பார்த்துக்கொள்ளலாம்.