கல்யாணக் கட்டில் வாங்கப் போறீங்களா? கடையில் 3 கேள்வி கேளுங்க!

ராஜபாளையம்-

கட்டில் போய் விட்டது. தவணை மட்டும் பாக்கி!

இது எங்கோ நடந்த கதை அல்ல. இந்த நிருபரின் அக்கா வீட்டில் நடந்தது. விவரம் வருமாறு:-

அக்காவை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக் கொடுத்தோம். சீர்வரிசைக்கு கட்டில், பீரோ, டிரஸ்சிங் டேபிள் மூன்றையும் ஒரே கடையில் வாங்கினோம். பார்க்க பளபளவென்று இருந்தது. தேக்கு நிறம். விலையும் கம்மி. பாதிப் பணம் கையில், மீதி 3 வருஷத் தவணை.

அப்பா மில் தொழிலாளி. "மாப்பிள்ளை வீட்டிலே நாலு பேர் மெச்சுற மாதிரி இருக்கணும்" என்றார். மெச்சத்தான் செய்தார்கள்.

3-வது வருஷம் ஐப்பசி மழையில் சுவர் ஓரம் தண்ணீர் கசிந்தது. கட்டிலின் கால் பக்கம் ஊறி, பன் ரொட்டி மாதிரி உப்பியது. ஒரு நாள் ராத்திரி "மடார்" என்று ஒரு பக்கம் இறங்கி விட்டது. நல்ல வேளை, குழந்தை மறு பக்கம் தூங்கிக் கொண்டு இருந்தது. அப்போது இன்னும் 2 தவணை கட்ட வேண்டி இருந்தது.

கட்டிலை ஆசாரியிடம் கொண்டு போனோம். அவர் ஒரு ஆணியை வைத்து தட்டினார். பொலபொலவென்று உதிர்ந்தது.

"தம்பி, இதுலே ஆணி நிக்காது. இது பலகை இல்லே. தூளும் பசையும்" என்றார்.

வாங்கும் போது நாங்கள் விலையை மட்டும்தான் கேட்டோம். கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் 3 இருக்கின்றன.

முதல் கேள்வி: இது என்ன மரம்?

கடையில் "இன்ஜினீயரிங் வுட்" என்பார்கள். மரச் சிராய், மரத்தூள், கரும்புச் சக்கை இவற்றை பசை போட்டு அழுத்திச் செய்த பலகை அது. மேலே தேக்கு போல படம் ஒட்டி இருப்பார்கள்.

இது எல்லாமே மோசம் என்று சொல்ல முடியாது. வீணாகப் போகிற சக்கையும் தூளும் இதில் பலகையாகிறது. தண்ணீர் படாத அலமாரிக்கு சரிப்படும். பாரம் தாங்குகிற கட்டிலுக்கும், கசிகிற வீட்டுக்கும் ஆகாது.

இன்னொரு விஷயம் பசை. பெரும்பாலும் பார்மால்டிஹைடு கலந்த பசையைத்தான் உபயோகிக்கிறார்கள். புது பீரோவைத் திறந்ததும் கண் எரிகிறதே, அதற்கு காரணம் இந்த வாயுதான். இது புற்று நோய் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்று நோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004-ம் வருஷம் அறிவித்தது. ஆகவே ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கிய பின் சில நாள் ஜன்னலைத் திறந்து வைத்து காற்றாட விடுங்கள்.

தொட்டில் வாங்குகிறவர்கள் வர்ணத்தையும் கவனிக்க வேண்டும். வீட்டுக்கு அடிக்கும் பெயிண்டில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் அமலுக்கு வந்தது. குழந்தை தொட்டிலைக் கடிக்கும். எந்த பெயிண்ட் அடித்தது என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

2-வது கேள்வி: மரம் எங்கே நின்றது?

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்று மேற்கே பாருங்கள். மலை தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து பார்த்தாலும் அதே மலைதான். 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆனது. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. இந்தியாவில் 51-வது, தமிழ்நாட்டில் 5-வது காப்பகம் இது.

முடங்கியாறு வருவது அந்த மலையில் இருந்துதான். மலையில் மரம் குறைந்தால் ஊரில் குழாய் காயும். கட்டில் வாங்குகிறவருக்கும் காட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இந்த அணில் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உண்டு. தரைக்கு அதிகம் இறங்காது. ஒரு மரத்தின் கிளையில் இருந்து அடுத்த மரத்துக்குத் தாவியே பிழைக்கிறது. நடுவில் நாலு மரத்தை வெட்டினால் அதற்கு ரோடு துண்டித்த மாதிரி. செண்பகத்தோப்பு பக்கம் அடிவாரத்தில் உள்ள மாந்தோப்பும் புளியந்தோப்பும் கூட அதற்கு வீடுதான்.

சரி, கடைக்கு வருவோம்.

யாராவது ரகசியமாக "ஈட்டி மரம் இருக்கு, விலை குறைச்சு தாரேன்" என்றால் எட்டி நில்லுங்கள். ஈட்டி என்றாலும் தோதகத்தி என்றாலும் ஒன்றுதான். இந்த மரத்தைக் காப்பாற்ற 1994-ல் தமிழக அரசு தனிச் சட்டமே கொண்டு வந்தது. 2017 ஜனவரி முதல் இந்த இன மரங்கள் முழுவதும் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டின் கீழ் வந்து விட்டன.

தேக்கு, ஈட்டி போன்ற மரங்களை லாரியில் ஏற்றிப் போக வனத்துறை அனுமதிச் சீட்டு தேவை. இதற்கான விதி 1968-ம் வருஷத்தது. நேர்மையான மரவாடிக்காரர் சீட்டைக் காட்டத் தயங்க மாட்டார். "பில்லா? அதெல்லாம் எதுக்குங்க?" என்று கேட்டால் நடையைக் கட்டுங்கள்.

பர்மா தேக்கு

நம்ம பக்கம் "பர்மா தேக்கு" என்றால் தனி மவுசு. தாத்தா காலத்தில் ரங்கூனில் இருந்து கப்பலில் வந்த மரம். காரைக்குடி வீடுகளில் இன்றைக்கும் தூணாக நிற்கிறது.

இப்போது கதை வேறு. 2014 ஏப்ரல் முதல் உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதை மியான்மர் தடை செய்தது. 2021 பிப்ரவரி 1-ந்தேதி அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மரம் விற்ற பணம் ராணுவத்துக்குப் போகிறது என்று சொல்லி, அதே வருஷம் அமெரிக்காவும் ஐரோப்பிய யூனியனும் அந்நாட்டு அரசு மர நிறுவனத்துக்கு தடை விதித்தன.

தூத்துக்குடி துறைமுகத்துக்கு ஆப்பிரிக்காவில் இருந்தும் தென் அமெரிக்காவில் இருந்தும் தேக்கு வருகிறது. எந்த நாட்டு மரம் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். காட்டை அழிக்காமல் வெட்டிய மரத்துக்கு "எப்.எஸ்.சி." என்ற முத்திரை 1993-ல் ஏற்பட்ட சர்வதேச அமைப்பு மூலம் தரப்படுகிறது. அது இருந்தால் நல்லது.

3-வது கேள்வி: செய்தது யார்?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பது இல்லை. கேட்க வேண்டும்.

மரத்தூள் வெறும் தூசி அல்ல. அதுவும் புற்று நோய் உண்டாக்கும் பொருள் என்று 1995-லேயே பட்டியலில் சேர்த்தார்கள். மூக்கில்தான் முதலில் கை வைக்கும். நாள் முழுவதும் மெஷினில் மரம் இழைக்கிறவர் முகத்தில் ஒரு துணி கூட இல்லை என்றால், அந்தக் கட்டிலின் விலைக் குறைவு அவர் நெஞ்சில் இருந்து எடுத்தது.

பட்டறைக்குப் போனால் கண்ணைத் திறந்து பாருங்கள். வேலை செய்கிற பையனுக்கு 14 வயசு நிரம்பவில்லை என்றால் அது குற்றம். 2016-ல் திருத்திய சட்டம் எந்தத் தொழிலிலும் அந்த வயசுப் பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது. அங்கே வாங்காதீர்கள்.

தச்சு வேலை செய்பவர்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யலாம். தெரியாத ஆசாரிகள் பலர் உண்டு. கட்டிலுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் போது அவர் காதில் இதையும் போட்டு வையுங்கள்.

அப்படியானால் எதை வாங்குவது?

வேம்பு:- நம்ம ஊர் மரம். பூச்சி லேசில் அண்டாது. நன்றாகக் காய்ந்த மரமாக இருக்க வேண்டும். பச்சை மரத்தில் செய்தால் வெடிக்கும், முறுக்கும். மழைக் காற்றில் சாய்ந்த மரம் என்றால் இன்னும் நல்லது.

மா:- ராஜபாளையம் மாம்பழத்துக்குப் பேர் போன ஊர். காய்ப்பு நின்று போன கிழட்டு மரம் என்றால் பலகை ஆக்கலாம். காய்க்கிற மரத்தை வெட்டச் சொல்லாதீர்கள். அணிலுக்கும் பங்கு உண்டு. போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசலில் ஊற வைக்காத மாம்பலகை உளுத்துப் போகும்.

தென்னை:- வயசான மரத்தின் வெளிப்பகுதி இரும்பு மாதிரி. நடுப்பகுதி சோறு. வெளிப்பகுதியில் எடுத்த சட்டமா என்று பார்த்து வாங்குங்கள்.

ரப்பர் மரம்:- கன்னியாகுமரியிலும் கேரளாவிலும் 25, 30 வருஷம் பால் கொடுத்து ஓய்ந்த மரம். எப்படியும் வெட்டப் போகிற மரம் என்பதால் காட்டுக்கு நஷ்டம் இல்லை. இதற்கும் மருந்து ஏற்றி இருக்க வேண்டும்.

சீமைக் கருவேலம்:- விருதுநகர் மாவட்டத்தில் இதற்கு பஞ்சம் இல்லை. பெரும்பாலும் கரி மூட்டம் போடுகிறோம். இதே இன மரத்தில் அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கம் மேஜை, நாற்காலி செய்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். நம்ம மரம் கோணலாக வளரும். நீளப் பலகை கிடைக்காது. ஸ்டூல், முக்காலி செய்யலாம்.

பழைய மரம்:- இடித்த வீட்டு உத்திரம், நிலை, கதவு. வைரம் பாய்ந்த மரமாக இருக்கும். புதிதாக ஒரு மரத்தையும் வெட்ட வேண்டாம். உள்ளே ஆணி இருக்கிறதா என்று பார்த்து அறுக்க வேண்டும்.

இரும்பு பீரோ:- துருப்பிடிக்காமல் பார்த்துக் கொண்டால் பேரன் காலம் வரை நிற்கும். கடைசியில் எடைக்குப் போட்டாலும் உருக்கி மறுபடி இரும்பு ஆகிறது.

நார்க்கட்டில்:- பனை நாரை மட்டையில் இருந்து உரிப்பார்கள். அதற்கு மரத்தை வெட்ட வேண்டியது இல்லை. பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு அறிவித்தது. நார் வாங்க ஆள் இருந்தால், அனுமதி கேட்க வேண்டிய அவசியமே வராது. பனை தானாகத் தப்பிக்கும்.

கணக்கு போடுங்கள்

எங்கள் கட்டில் விலை 18 ஆயிரம். உழைத்தது 3 வருஷம். வருஷத்துக்கு 6 ஆயிரம். தவணை வட்டி தனி.

வேப்ப மரக் கட்டிலுக்கு ஆசாரி 28 ஆயிரம் சொன்னார். மரமும் கூலியும் சேர்த்து. "எத்தனை வருஷம் வரும் அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"நான் செய்தது 30 வருஷமா இந்தத் தெருவிலேயே கிடக்கு. வேணும்னா போய் படுத்துப் பாருங்க தம்பி" என்றார்.

30 வருஷம் என்றால் வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய் கூட இல்லை. ஆனால் 28 ஆயிரத்தை ஒரே நேரத்தில் புரட்ட எல்லோராலும் முடியாது. எங்களாலும் முடியவில்லை.

கடைசியில் நடந்தது

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுப் பரண் மேல் ஒரு கட்டில் கிடந்தது. ஆச்சியின் நார்க்கட்டில். நார் அறுந்து கிழிந்து இருந்தது. நாலு காலும் சட்டமும் அசையவில்லை. என்ன மரம் என்று ஆசாரி நகத்தால் கீறிப் பார்த்தார். "வேம்பு" என்றார்.

புது நார் போட்டு, சட்டத்தை இழைத்து, அரக்கு பாலிஷ் அடித்துக் கொடுத்தார். மினி வேனில் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அனுப்பினோம்.

"பழசைப் போய் கொடுத்து விடுறோமே, மாப்பிள்ளை வீட்டிலே என்ன நினைப்பாங்களோ" என்று அப்பாவுக்கு ஒரே கவலை.

மாப்பிள்ளையின் அம்மா கட்டிலைச் சுற்றி வந்து பார்த்தார். கையால் அழுத்தினார். பிறகு சொன்னார்:

"இதை முதல்லேயே கொடுத்து இருக்கலாமே சம்பந்தி!"