மடலின் சொல்லும் மடலின் வழியும்: ஸ்காட்லாந்துக் காப்பகங்களில் இரு வரலாற்று மடல்கள்

முன்னுரை

மடல் ஒன்றை வரலாற்றுச் சான்றாகக் கொள்வோர் முதலில் அதன் சொற்களையே நோக்குவர். ஆயின், எழுதியவர் கையிலிருந்து காப்பகப் பேழை வரை அம்மடல் கடந்துவந்த வழியும் ஒரு சான்றே ஆகும். ஸ்காட்லாந்தில் அவ்வழி இடர் மிகுந்தது. 1296இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் அந்நாட்டு அரச ஆவணங்களைக் கவர்ந்து சென்றார். 1651இல் கிராம்வெல்லின் படையினரும் அவ்வாறே செய்தனர். அவ்வாறு சென்றவற்றுள் ஒரு பகுதி 1660இல் கடல்வழியே திருப்பி அனுப்பப்பட்டபோது, எலிசபெத் என்னும் கப்பல் புயலில் மூழ்கியதால் அழிந்தது. ஆகவே இன்று எஞ்சியிருக்கும் பழைய மடல்கள் பல, இழப்புகளிடையே தப்பியவை. எடின்பரோ நகரில் பேணப்படும் இரு மடல்களை முன்வைத்து, ஒரு மடல் எஞ்சிய விதம் அதன் பொருளை எவ்வாறு தெளிவுபடுத்துகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஆர்புரோத் மடல் (1320)

ஆர்புரோத் பிரகடனம் என இன்று அறியப்படுவது, வடிவத்தால் ஒரு மடலே. 1320 ஏப்ரல் 6 என நாளிடப்பட்ட இது, ஸ்காட்லாந்துப் பெருங்குடியினர் அவிஞோன் நகரிலிருந்த திருத்தந்தை இருபத்திரண்டாம் ஜானுக்கு இலத்தீன் மொழியில் விடுத்தது. மன்னர் முதலாம் ராபர்ட் அப்போது திருச்சபையின் விலக்கத்துக்கு ஆளாகியிருந்தார். ஸ்காட்லாந்தியரை அமைதியாக வாழவிடுமாறு இங்கிலாந்து மன்னருக்கு அறிவுறுத்த வேண்டும் என்பதே மடலின் வேண்டுகோள். ராபர்ட்டே நாட்டை இங்கிலாந்துக்கு அடிபணியச் செய்ய முற்பட்டால், அவரை நீக்கி வேறொருவரை மன்னராக்குவோம் என்றும் அது கூறுகிறது.

அவிஞோனுக்குச் சென்ற படி கிடைக்கவில்லை. ஸ்காட்லாந்துத் தேசிய ஆவணக்காப்பகத்தில் இருப்பது, அனுப்பியவர்கள் தம்மிடம் வைத்துக்கொண்ட படியாகும். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது டைனிங்ஹேம் மாளிகைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அங்கு ஈரத்தால் சிதைவுற்று, 1829இல் அரச காவலுக்கு மீண்டது. தோலில் சிதைந்த பகுதிகளை நிரப்ப முற்காலப் படிகள் துணைபுரிகின்றன. 15ஆம் நூற்றாண்டில் வால்டர் போவர் தொகுத்த ‘ஸ்காட்டிகுரோனிகான்’ என்னும் வரலாற்று நூலிலும் இம்மடல் இடம்பெற்றுள்ளது.

மடலின் தொடக்கத்தில் 8 பிரபுக்களும் 31 பெருங்குடியினரும் பெயர் சுட்டப்பெறுகின்றனர். தோலின் அடியில் தொங்கிய மெழுகு முத்திரைகளுள் 19 எஞ்சியுள்ளன. சொற்களை மட்டும் நோக்குவோர்க்கு இது முழு நாட்டின் ஒருமித்த குரலாகவே தோன்றும். ஆனால் அவ்வாண்டு ஆகஸ்டு மாதமே ஸ்கூன் நகரில் கூடிய நாடாளுமன்றத்தில், மன்னருக்கு எதிராகச் சதிசெய்ததாகச் சிலர் விசாரிக்கப்பட்டனர். வில்லியம் சூல்ஸ், டேவிட் பிரெக்கின், ரோஜர் மோபிரே ஆகிய மூவரும் அவர்களுள் அடங்குவர். இம்மூவர் பெயர்களும் மடலின் தொடக்கத்தில் உள்ளவையே. எனவே பெயரும் முத்திரையும் ஒருவரது பங்கேற்பைக் காட்டுமேயன்றி, அவரது உள்ளக் கருத்தை உறுதிசெய்யா.

அரசி மேரியின் இறுதி மடல் (1587)

இரண்டாவது மடல் ஸ்காட்லாந்துத் தேசிய நூலகத்தில் உள்ளது. இங்கிலாந்தில் 18 ஆண்டுகளுக்கு மேல் காவலில் இருந்த ஸ்காட்லாந்து அரசி மேரி, ஃபோதரிங்ஹே கோட்டையில் 1587 பிப்ரவரி 8 அன்று நள்ளிரவுக்குப்பின் இரண்டு மணிக்கு இதனைப் பிரெஞ்சு மொழியில் எழுதினார். அன்று காலையே அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. மடலைப் பெறவேண்டியவர் பிரான்சு மன்னர் மூன்றாம் ஹென்றி. மேரியின் முதற்கணவருடைய தம்பி, அதாவது தமிழ் உறவுமுறையில் கொழுந்தன்.

தம் பணியாளரின் ஊதிய நிலுவையைத் தீர்க்குமாறும், தம் ஆன்மாவுக்காக இறைவேண்டல் செய்விக்குமாறும் மேரி கேட்கிறார். உடல்நலம் காக்கும் எனக் கருதப்பட்ட இரு மணிகளையும் அனுப்புகிறார். இவை உறவினருக்கு எழுதும் செய்திகள். ஆயின், கத்தோலிக்க சமயமும் இங்கிலாந்து அரியணை மீது தமக்குள்ள உரிமையுமே தம் சாவுக்குக் காரணம் என்பதையும் அதே மடலில் வலியுறுத்துகிறார். அரசிக்கு எதிரான குற்றத்துக்காகவே இத்தண்டனை என இங்கிலாந்து அரசு கூறிவந்த நிலையில், இது அதற்கு அளிக்கப்பட்ட மறுமொழியாகும். நடந்ததை முழுமையாக எழுத நேரமின்மையால், தம் மருத்துவரும் பணியாளரும் நேரில் சொல்வதைக் கேட்டறியுமாறும் வேண்டுகிறார். முடங்கலும் தூதரும் சேர்ந்தே செய்தியை நிறைவுசெய்யும் பழைய முறை இங்குக் காணப்படுகிறது.

பணியாளர்கள் பல மாதங்கள் காவலில் வைக்கப்பட்டதால் மடல் தாமதமாகவே பிரான்சை அடைந்தது. பின்னர் பாரிசிலிருந்த ஸ்காட்லாந்தியர் கல்லூரியில் பேணப்பட்டு, பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் தனியார் கைகளுக்கு மாறி, 20ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் பொதுவுடைமையாயிற்று.

ஒப்புநோக்கு

முதல் மடல் அனுப்பியவரிடம் தங்கிய படி. இரண்டாவது பெறுநருக்குச் சென்ற மூலம். தங்கிய படி, எழுதியோர் எதைப் பதிவாக்க விரும்பினர் என்பதை உணர்த்தும். அதன் விளைவை அதனிடமிருந்தே அறிய இயலாது. ஆர்புரோத் மடலின் விளைவை அறிய, இங்கிலாந்து மன்னரை அமைதிக்கு வற்புறுத்தித் திருத்தந்தை அதே ஆண்டு ஆகஸ்டில் விடுத்த திருமுகத்தையே நாடவேண்டும். சென்ற மூலமோ, காவலைக் கடந்து செய்தி சேர்ந்தது என்பதற்குத் தானே சான்றாகிறது.

அலுவல் மடல், தனிமடல் என்னும் பாகுபாடும் இங்கு முழுமையாகப் பொருந்தவில்லை. அரசியல் மடலின் ஒருமித்த குரலுக்குள் தனிமனிதரின் முரண்கள் மறைந்துள்ளன. உறவினருக்கு எழுதிய மடல் ஓர் அரசுரிமை வழக்கை நடத்துகிறது.

முடிவுரை

மடலின் சொல் எழுதியவரின் நோக்கத்தைக் காட்டுகிறது. தோலும் முத்திரையும் கைமாறிய வழியும் அந்நோக்கத்தை மதிப்பிட உதவுகின்றன. எனவே அச்சிட்ட பதிப்பையோ எண்ணிமப் படத்தையோ பயன்படுத்தும் ஆய்வாளர், அது மூலமா படியா, எவரிடம் இருந்தது, எவ்வழியே வந்தது என்பவற்றை முதலில் வினவுதல் வேண்டும். இவ்வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே மடலின் சொற்கள் உரிய எடையுடன் சான்றாக நிற்கும்.