புழுதியைப் பின்தொடர்ந்த பேராசிரியர்

கலிபோர்னியாவின் நடுவே, கிழக்கில் சியரா நெவாடா மலைத்தொடரும் மேற்கில் கடற்கரை மலைகளும் அரணாக நிற்க, பருத்தியும் திராட்சையும் செழித்து விளையும் சான் வாக்கீன் பள்ளத்தாக்கு நீண்டு கிடக்கிறது. கோடையில் அதன் தென்பகுதி மண் ஈரமெல்லாம் வற்றி, கலப்பை பட்டாலும் காற்றடித்தாலும் புழுதியாய்க் கிளம்பிவிடும். பிழைப்புத் தேடி அங்கு வந்து சேர்ந்த கூலியாட்களில் பலருக்குச் சில வாரங்களிலேயே காய்ச்சலும் இருமலும் மார்புவலியும் கண்டு, பிறகு முழங்காலுக்குக் கீழே தொட்டால் நோகும் செந்நிறக் கட்டிகள் தோன்றி, பெரும்பாலும் தாமாகவே அவை மறைந்தும் போகும். ஊரார் இதனைப் பள்ளத்தாக்குக் காய்ச்சல் என்றார்கள். வந்தது போலவே போய்விடுகிற உபாதை என்று வைத்தியர்களும் அதனை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை.

இதற்குச் சற்றும் சம்பந்தமில்லாதது போலத் தோன்றிய மற்றொரு வியாதி வைத்திய நூல்களில் இருந்தது. 1892இல் பியூனஸ் அயர்ஸ் நகரில் அலெஹாண்ட்ரோ போசாதாஸ் என்ற மருத்துவ மாணவர், ஒரு போர்வீரனின் தோலில் எழுந்த கோரமான கட்டிகளில் உருண்டையான நுண்ணுயிர்களைக் கண்டார். நான்கு ஆண்டுகள் கழித்துக் கலிபோர்னிய நோயாளிகளிடம் அதே உயிரைக் கண்ட ரிக்ஸ்போர்டும் கில்கிறிஸ்டும் அது விலங்கினத்தைச் சேர்ந்தது என்று கருதி, காக்சிடியாய்டிஸ் இமிட்டிஸ் என்று பெயரிட்டார்கள். சீழில் உருண்டையாகக் காணப்படும் அவ்வுயிர், கண்ணாடித் தட்டில் வளர்த்தால் வெண்மையான பூஞ்சணமாக இழையோடுகிறது என்பதை 1900இல் ஆபுல்ஸ், மாபிட் என்ற இருவர் மெய்ப்பித்தார்கள். ஆயினும் அதனால் விளையும் நோய் அபூர்வமானது, வந்தால் மரணம் நிச்சயம் என்ற எண்ணம் மட்டும் மாறவில்லை.

1929இல் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில், எர்னஸ்ட் டிக்சனின் ஆராய்ச்சிசாலையில் பணியாற்றிய ஒரு மாணவர், பூஞ்சணம் வளர்ந்திருந்த தட்டிலிருந்து பறந்த தூளைச் சுவாசித்துவிட்டார். பிழைக்கமாட்டார் என்று அஞ்சப்பட்ட அம்மாணவரோ, நுரையீரல் அழற்சியால் சில காலம் துன்புற்று, கால்களில் செந்நிறக் கட்டிகளும் தோன்றி, பின்னர் குணமடைந்து எழுந்துவிட்டார். இது பள்ளத்தாக்குக் காய்ச்சலேதானோ என்று டிக்சன் எண்ணத் தொடங்கினார். கெர்ன் மாவட்டத்தில் சுகாதார அதிகாரியாயிருந்த மிர்னி கிபோர்டு என்ற பெண் வைத்தியர், பள்ளத்தாக்குக் காய்ச்சலுற்றோரைத் தாமும் கவனித்து அதே முடிவை நோக்கி வந்துகொண்டிருந்தார். அபூர்வமான அந்தக் கொடிய வியாதியும் ஊரறிந்த இந்த எளிய காய்ச்சலும் ஒரே பூஞ்சணத்தின் செயலே என்பது 1936, 1937ஆம் ஆண்டுகளில் டிக்சன், கிபோர்டு ஆகிய இருவரின் முயற்சியால் வெளிப்பட்டது.

டிக்சனின் இளைய சகாவான சார்லஸ் எட்வர்ட் ஸ்மித் இந்த இடத்தில்தான் வருகிறார். 1937இல் ஆராய்ச்சிசாலையை விட்டுப் பள்ளத்தாக்குக்கே புறப்பட்ட அவர், கெர்ன், டுலேரி மாவட்டங்களில் பதினேழு மாத காலத்தில், செந்நிறக் கட்டிகளுடன் காய்ச்சலுற்ற 432 பேரைப் பற்றிய விவரங்களைத் திரட்டினார். நோய் வறண்ட மாதங்களில் பெருகி மழைக்காலத்தில் தணிவதையும், புதிதாக வந்தவர்களையே மிகுதியாகப் பிடிப்பதையும் அந்த விவரங்கள் காட்டின. அப்பக்கம் சிறிது காலமே தங்கிச் சென்று பிறகு நோயுற்றவர்களை விசாரித்ததில், புழுதியைச் சுவாசித்த ஓரிரு வாரங்களுக்குப் பின்னரே காய்ச்சல் தலைகாட்டுகிறது என்பதும் தெளிவாயிற்று.

இந்தப் பூஞ்சணத்தின் வாழ்க்கை விசித்திரமானது. மண்ணில் மெல்லிய இழையாக வளர்ந்து, வறட்சியில் அவ்விழை சிறு சிறு துண்டுகளாக உடைந்து காற்றில் மிதக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே அளவுள்ள அத்துண்டு மனித நுரையீரலை அடைந்ததும் தன் உருவத்தை முற்றிலும் மாற்றிக்கொண்டு, உப்பிப் பெரிய கோளமாகி, மாதுளைக்குள் முத்துக்கள் நிறைந்திருப்பது போல் நூற்றுக்கணக்கான சிறு வித்துக்களைத் தன்னுள்ளே நிரப்பிக்கொண்டு வெடிக்கிறது. ஒவ்வொரு வித்தும் மீண்டும் ஒரு கோளமாகிறது. காற்றில் பறக்கும் வடிவத்தை உடலுக்குள் அது எடுப்பதில்லையாதலால், நோயாளியின் இருமலால் பிறருக்கு இது பரவுவதில்லை. ஆகவே ஸ்மித் தேட வேண்டியிருந்தது நோயாளியை அல்ல, நிலத்தை.

நிலத்தைத் தேடுவதற்கு அவர் கையாண்ட உபாயம்தான் என்னை மிகவும் கவர்கிறது. பூஞ்சணத்தை வளர்த்த திரவத்தை வடிகட்டி எடுத்த காக்சிடியாய்டின் என்ற சாரத்தில் ஒரு துளியைத் தோலுக்குள் செலுத்தினால், முன்னொரு காலத்தில் அப்பூஞ்சணம் புகுந்த உடலாயிருப்பின் இரண்டு நாளில் அவ்விடம் சிவந்து தடிக்கும். ஓர் ஊரிலேயே வாழ்ந்தவர்களில் பலருக்கு அவ்வாறு தடித்தால், அந்நிலத்தில் பூஞ்சணம் உண்டென்று கொள்ளலாம். இந்தச் சோதனையை ஸ்மித் நோயாளிகளோடு நிறுத்தாமல், காய்ச்சலென்று ஒருநாளும் படுத்தறியாதவர்களிடத்தும் செய்து பார்த்தார். தொற்றுக்குள்ளானவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது பேர் அது வந்ததையே அறியாமல் நடமாடிக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை தொற்றி நீங்கியவர்களை அது மறுமுறை அணுகுவது மிகவும் அரிதாயிருந்தது. நோயுற்றவர்களை ஆராய்ந்த வைத்தியர் பலர். சுகமாயிருந்தவர்களின் தோலிலிருந்து ஒரு நோயின் தேசப்படத்தை வரைந்தவர் இவர்.

இரண்டாம் உலக யுத்தம் வந்தது. வெட்டவெளியும் தெளிந்த வானமும் வேண்டி அமெரிக்க ராணுவம் விமானப் பயிற்சி நிலையங்களை அமைத்ததோ, அதே பள்ளத்தாக்கில்! மின்டர், கார்ட்னர், லிமூர் முதலிய தளங்களுக்கு வந்த வீரர்களை வந்தவுடனும், பிறகு குறித்த இடைவெளிகளிலும் ஸ்மித்தின் குழுவினர் சோதித்தார்கள். யார் எந்தப் பருவத்தில் தொற்றுக்குள்ளாயினர் என்பது இதனால் கணக்காகக் கிடைத்தது. புழுதியை அடக்கினால் நோயும் அடங்கும் என்றார் ஸ்மித். வெற்றிடங்களில் புல் வளர்க்கவும், பாதைகளுக்குத் தளமிடவும், விளையாட்டு மைதானங்களில் எண்ணெய் தெளிக்கவும் ஏற்பாடாயிற்று. போர்க்காலத்தில் படைத்தலைவர்களிடம் போய்ப் புல் நடுங்கள் என்று ஒரு பேராசிரியர் சொன்னதும், அவர்கள் அதைச் செய்ததும் ஆச்சரியமே. தொற்று பாதியளவேனும் குறைந்தது. 1946இல் அந்தக் கணக்குகள் அச்சேறின.

புழுதியை அடக்கினாலும், பூஞ்சணம் ஏற்கெனவே புகுந்துவிட்டவர்களில் சிலருக்கு நோய் நுரையீரலைக் கடந்து எலும்பிலும் மூளையைச் சூழ்ந்த சவ்விலும் பரவுவது உண்டு. யாருக்கு அந்த ஆபத்து நேரும் என்பதை, இரத்தத்தில் எதிர்ப்பொருள் ஏறும் அளவைக் கொண்டே முன்கூட்டி ஊகிக்கும் முறையை ஸ்மித் வகுத்தார். 1956இல் அவர் வெளியிட்ட கட்டுரைக்கு ஆதாரமாயிருந்தவை 39,500 இரத்தப் பரிசோதனைகள். ஆம்போடெரிசின் என்ற மருந்து புழக்கத்துக்கு வரும் வரையில் வைத்தியர் கையில் தக்க ஆயுதமே இல்லாதிருந்த நோயில், அந்த எண்கள் எவ்வளவு பெரிய துணை என்பதை ஊகித்துக்கொள்ளலாம். 1951இல் பெர்க்லியிலுள்ள பொதுச் சுகாதாரக் கல்லூரியின் தலைவரான அவர், 1967இல் மறையும் வரை அப்பதவியிலிருந்தார். இரத்தப் பரிசோதனைப் பணியை அவருடைய சகாவான டெமாஸ்தனிஸ் பப்பாஜியானிஸ் டேவிஸ் சர்வகலாசாலையில் தொடர்ந்து நடத்தினார்.

1977 டிசம்பரில் அடித்த ஒரு புழுதிப்புயல் அந்தப் பள்ளத்தாக்கின் மண்ணை வடக்கே சாக்ரமெண்டோ வரை அள்ளிச் சென்று நோயைப் பரப்பியது. 1994இல் நார்த்ரிட்ஜ் பூகம்பத்தில் மலைச்சரிவுகள் சரிந்து எழுந்த புழுதியால், வென்ச்சுரா மாவட்டத்தில் 203 பேர் நோயுற்று மூவர் மாண்டார்கள். மனிதருக்குப் பயன்படும் தடுப்பூசி இன்னும் கிடைக்கவில்லை. 2019இல் கலிபோர்னியா இயற்றிய ஒரு சட்டத்தின்படி, நோய் மிகுந்த மாவட்டங்களில் மண்ணைத் தோண்டும் கட்டட வேலையாட்களுக்கு, இந்தக் காய்ச்சலின் குறிகளையும் புழுதியிலிருந்து தற்காத்துக்கொள்ளும் வழிகளையும் முதலாளிகள் ஆண்டுதோறும் கற்பித்தாக வேண்டும்.