விழுந்து எழும் சர்வர்

ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு அருகே ஒரு பூக்கடையில் 100 ரூபாய்க்கு மல்லிகை வாங்கிக்கொண்டு, செல்பேசியில் பணம் அனுப்புகிறீர்கள். உங்களுக்கும் பூக்காரம்மாவுக்கும் ஒரே வங்கியில் கணக்கு என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கணக்கில் 100 குறைந்தாயிற்று. அவர் கணக்கில் இன்னும் ஏறவில்லை. சரியாக அந்த நேரத்தில் வங்கியின் தரவுத்தள சர்வர், அதாவது எல்லாக் கணக்குகளையும் வைத்துக் காக்கும் கணினி, பொட்டென்று அணைகிறது. சில நிமிடத்தில் தானே எழுந்து ஓடத் தொடங்குகிறது. அந்த 100 ரூபாய் எங்கே?

பத்திரமாக இருக்கிறது. ஒன்று உங்களிடம், இல்லையென்றால் அவரிடம். நடுவழியில் தொலைவதில்லை, இருவரிடமும் இருப்பதுமில்லை. எந்த நொடியிலும் உயிர் போகலாம் என்று எண்ணியே வடிவமைக்கப்பட்ட இயந்திரம் அது.

வேகத்துக்காகத் தரவுத்தளம் கணக்குகளை நினைவகத்தில் வைத்துத்தான் திருத்துகிறது. மின்சாரம் போனால் நினைவகம் வெறுமையாகிவிடும். ஆகவே ஒரு கண்டிப்பான விதி: எதையும் மாற்றும் முன், என்ன மாற்றப்போகிறோம் என்பதை லாக் என்னும் குறிப்பேட்டில் எழுதி, அது வட்டில் பதிந்துவிட்டது என்று உறுதியான பிறகே ‘பணம் போய்ச் சேர்ந்தது’ என்று பதில் சொல்ல வேண்டும். திருச்சி காந்தி மார்க்கெட் மண்டிக் கணக்குப்பிள்ளை வரவு செலவை நடந்த வரிசையில் சிட்டையில் எழுதிவிட்டு, ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவதைப் பிறகு நிதானமாகச் செய்வதைப் போல. சிட்டை இருந்தால் பேரேட்டை எப்போது வேண்டுமானாலும் சரிசெய்துவிடலாம்.

இதில் வேகமும் ஒளிந்திருக்கிறது. நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் வட்டில் ஒரு சுற்றுக்கே 8 மில்லிவிநாடிக்கு மேல் ஆகும். நூறு கணக்குகளை நூறு இடத்தில் தேடித் தேடித் திருத்தினால் ஒரு விநாடி போய்விடும். லாகில் எழுதுவது எப்போதும் கடைசி வரிக்கு அடுத்த வரி, தேடவே வேண்டாம். ஒரே நேரத்தில் வந்த நூறு பேரின் குறிப்புகளையும் ஒரே வீச்சில் பதித்துவிடலாம்.

பேரேட்டின் ஒரு பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால்? போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தளத்தில் ஒரு பக்கம் 8 கிலோபைட். வட்டோ பெரும்பாலும் 4 கிலோபைட்டாகத்தான் எழுதும். மேல்பாதி புதிது, கீழ்ப்பாதி பழையது என்று பக்கம் கிழிந்து நிற்கும். அதற்கும் வழி செய்திருக்கிறார்கள். அவ்வப்போது நினைவகத்தில் உள்ளதையெல்லாம் வட்டில் இறக்கி ஒரு சோதனைப்புள்ளி வைப்பார்கள். அதற்குப் பிறகு ஒரு பக்கம் முதன்முறை மாறும்போது, அந்த முழுப் பக்கத்தையுமே லாகில் நகலெடுத்து வைத்துவிடுகிறது போஸ்ட்கிரஸ்.

விழுந்த சர்வர் எழுந்ததும் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு புகழ்பெற்ற முறை உண்டு. ஏரிஸ் என்று பெயர். 1992இல் ஐந்து பேர் சேர்ந்து வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை; முதல் பெயர் சி. மோகன். தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் வேதிப்பொறியியல் படித்து, ஐ.பி.எம். ஆய்வகத்தில் தரவுத்தள ஆராய்ச்சியில் இறங்கியவர். உலகம் முழுவதும் வங்கிகளில் ஓடும் பல தரவுத்தளங்களுக்குள் இந்த முறையோ இதன் வழித்தோன்றலோ இருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் இன்னும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

ஏரிஸ் லாகை மூன்று முறை படிக்கிறது. முதலில், விழுந்த நேரத்தில் எந்தெந்த வேலைகள் பாதியில் நின்றன என்று கணக்கெடுக்கிறது. அடுத்து, லாகில் இருந்து வட்டில் ஏறாமல் போனதை ஒன்றுவிடாமல் மறுபடி செய்கிறது; பாதியில் நின்றவற்றையும், வீண் என்று தெரிந்தும், செய்கிறது. எதற்கு? விழுந்த கணத்தில் இருந்த நிலையை அச்சுமாறாமல் உருவாக்கிவிட்டால், மிச்ச வேலை சர்வர் நலமாக இருக்கும்போது ஒரு பரிவர்த்தனையை ரத்துசெய்வது போன்ற சாதாரண வேலையாகிவிடும். மூன்றாவது முறை, முடிவடையாதவற்றைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அழிக்கிறது. அப்படி அழித்ததையும் லாகில் எழுதிக்கொள்கிறது. மீட்பு வேலையின் நடுவே மறுபடி மின்சாரம் போனாலும், ஒருமுறை அழித்ததை இரண்டாம் முறை அழிக்காது. பத்து முறை விழுந்தாலும் பதினோராவது முறை சரியாக முடித்துவிடும்.

பணம் தப்பிவிட்டது. சர்வர் ஏன் விழுந்தது?

‘அதான் ஓடுகிறதே’ என்று விட்டுவிடுவது நம் அலுவலகங்களில் சகஜம். அது தவறு என்று அழுத்தியே சொல்வேன். காரணம் தெரியாத மறுதொடக்கம் அநேகமாகத் திரும்பி வரும். அவசரத்தில் இன்னொரு முறை அணைத்துப் போட்டால், இருந்த தடயங்களில் சிலவும் அழியும்.

முதல் கேள்வி: விழுந்தது இயந்திரமா, அதற்குள் ஓடும் தரவுத்தளம் மட்டுமா? கணினி எவ்வளவு நேரமாக விழித்திருக்கிறது என்று கேட்டால் அதுவே சொல்லும். நாற்பது நாளாக ஓடுகிறேன் என்றால் இயந்திரத்துக்கு ஒன்றுமில்லை. தரவுத்தளம் தானே விழுந்திருக்கலாம், அல்லது அதை யாரோ கொன்றிருக்கலாம். கொல்லப்பட்டிருந்தால், பெரும்பாலும் கொன்றது அந்தக் கணினியின் இயக்குதளமேதான்.

லினக்ஸ் இயக்குதளம் தாராள மனசுக்காரர். கையிருப்பைவிட அதிகமாகவே நினைவகம் தருவதாக நிரல்களிடம் ஒப்புக்கொள்ளும். கேட்டதையெல்லாம் யாரும் பயன்படுத்துவதில்லை என்ற அனுபவக் கணக்கு அது. என்றாவது எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டுவிட்டால், கணினி மொத்தமும் உறையாமல் இருக்க ஒரு நிரலைப் பலிகொடுத்தாக வேண்டும். அந்த வேலைக்கு இருப்பவர் ஓஓஎம் கில்லர். எவ்வளவு நினைவகத்தைப் பிடித்திருக்கிறது என்பதை முக்கியமாக வைத்து ஒவ்வொரு நிரலுக்கும் மதிப்பெண் போட்டு, அதிகம் வாங்கியதைக் கொன்றுவிடுவார். தரவுத்தள சர்வரில் அதிக இடம் பிடித்திருப்பது தரவுத்தளம்தானே! நள்ளிரவில் அறிக்கை தயாரிக்கும் ஏதோ ஒரு சின்ன நிரல் கடைசிச் சொட்டைக் கேட்டிருக்கும், தண்டனை தரவுத்தளத்துக்கு. போஸ்ட்கிரஸில் ஒரே ஒரு துணைச் செயல் இப்படிக் கொல்லப்பட்டாலும், பொது நினைவகம் கெட்டிருக்கலாம் என்று தலைமைச் செயல் மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி, லாகிலிருந்து எழுப்புகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சர்வரே விழுந்தது போலத் தோன்றும்.

இயந்திரமே விழுந்திருந்தால், இயக்குதளம் தனக்கென எழுதும் லாகின் கடைசி வரிகளைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சேவையாக நிறுத்திய குறிப்பு வரிசையாக இருந்தால் யாரோ முறைப்படி அணைத்திருக்கிறார்கள். தானாக ஏறிய மென்பொருள் புதுப்பிப்பாகக்கூட இருக்கலாம். வாக்கியம் பாதியில் அறுந்தது போல லாக் சட்டென்று நின்றிருந்தால் மின்சாரம் அல்லது வன்பொருள். இயக்குதளத்தின் மையமான கர்னல் நிலைகுலைந்திருந்தால் இன்னொரு அதிசயம்: நினைவகத்தின் ஒதுக்கப்பட்ட மூலையில் இரண்டாவது கர்னல் ஒன்று முன்கூட்டியே தயாராகக் காத்திருக்கும்படி செய்யலாம். முதலாவது இறந்ததும் அது விழித்து, இறந்ததன் நினைவகத்தை அப்படியே வட்டில் பதித்துவிட்டு ஒதுங்கும்.

சர்வர்களின் தாய்ப்பலகையில் தனிச் சில்லு ஒன்றும் உண்டு. சர்வர் அணைந்திருந்தாலும், மின்கம்பி செருகியிருக்கும்வரை அது விழித்திருக்கும். வெப்பநிலை, விசிறி வேகம், மின்னழுத்தம் எல்லாவற்றையும் தன் சொந்தக் குறிப்பேட்டில் எழுதும். சித்திரை வெயிலில் கணினி அறையின் ஏ.சி. நின்றதா என்பதற்கு அதுதான் நேர்மையான சாட்சி.

மின்சாரத்தின் கணக்கு நுட்பமானது. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. ஒரு சுழற்சி 20 மில்லிவிநாடி. சர்வரின் மின்வழங்கியில் தேங்கியிருக்கும் மின்னூட்டம் ஏறத்தாழ அந்த ஒரு சுழற்சிக்குத்தான் தாங்கும். கண் இமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்குதான். ஆனால் விநாடிக்கு 300 கோடி முறை துடிக்கும் செயலி அதற்குள் 6 கோடி முறை துடித்துவிடும். விளக்கு லேசாக மினுக்கியதாகக்கூட நீங்கள் கவனிக்காத ஒரு தாழ்வு சர்வரை வீழ்த்திவிடும். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எழுத்தாளர் சுஜாதா, பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கு கொண்டவர். அந்த இயந்திரம் வெளி மின்சாரத்தை நம்புவதே இல்லை. மின்கலத்தில் ஓடும், மின்கலத்தை எடுத்துவிட்டாலும் வாக்குகள் நினைவகத்தில் இருக்கும்.

சில சமயம் சர்வர் நல்ல எண்ணத்திலேயே தன்னை நிறுத்திக்கொள்கிறது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்த் துகள் நினைவகத்தில் ஒரு 0வை 1 ஆக மாற்றிவிட முடியும். 2003இல் பெல்ஜியத்தில் நடந்த தேர்தலில், ஷார்பேக் என்ற இடத்தில் ஒரு வேட்பாளருக்கு 4,096 வாக்குகள் கூடுதலாக விழுந்தன. 4,096 என்பது இரண்டின் பன்னிரண்டாம் அடுக்கு, ஒரே ஒரு பிட் புரண்டால் வரும் எண். கதிர்த் துகள்தான் காரணமாக இருக்கும் என்று சந்தேகிக்கிறார்கள். வழக்கமான சர்வர் நினைவகத்தில் ஒவ்வொரு 64 பிட்டுக்கும் 8 பிட் காவல் உண்டு. ஒரு பிட் புரண்டால் ஓசையின்றித் திருத்திவிடும். இரண்டு புரண்டால் திருத்த முடியாது, கண்டுபிடிக்க மட்டும் முடியும். அப்போது தப்பான கணக்கைச் சொல்வதைவிட விழுந்துவிடுவது மேல் என்று சர்வர் நின்றுவிடும்.

ஒரு சர்வர் விழுந்தால் பொறுப்பேற்க இன்னொன்று காத்திருக்கும். அங்கேதான் மிகக் கடினமான சிக்கல். பழையது உண்மையில் இறக்கவில்லை, வலைப்பின்னல் மட்டும் அறுந்தது என்றால், இரண்டும் ‘நானே தலைமை’ என்று கணக்கு எழுதத் தொடங்கிவிடும். ஸ்ரீரங்கம் இதைக் கண்டிருக்கிறது. 1323இல் தில்லிப் படையெடுப்பின்போது கோயிலின் உற்சவரை, அதாவது ஊர்வலத் திருமேனியை, எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். திருமலை, செஞ்சி என்று சுற்றி 1371இல் அவர் திரும்பியபோது, கோயிலில் இடைக்காலத்தில் எழுந்தருளப்பண்ணிய இன்னொரு திருமேனி இருந்தது. முதலில் இருந்தவர் யார்? கண் தெரியாத முதிய வண்ணார் ஒருவர், இரு திருமேனிகளின் ஈர ஆடைத் தீர்த்தத்தையும் பருகி, இவரே நம்பெருமாள் என்று அடையாளம் காட்டியதாகக் கோயிலின் வரலாற்று நூலான கோயிலொழுகு சொல்கிறது. மற்றவரையும் விலக்கிவிடவில்லை, திருவரங்கமாளிகையார் என்ற பெயரில் அவரும் கருவறையிலேயே இருக்கிறார்.

சர்வர்களுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. காத்திருக்கும் சர்வர் பொறுப்பேற்கும் முன், பழையதற்கு உண்மையில் உயிர் இருக்கிறதா என்று ஆராய்ந்துகொண்டிருக்காது. வலைப்பின்னல் வழியாக அதன் மின்சாரத்தையே துண்டித்து மறுபடி போட்டுவிடும். வேலியிடல் என்று இதற்குப் பெயர். ஆகவே விழுந்த சர்வரின் வெப்பநிலை சரி, மின்சாரம் சரி, நினைவகம் சரி, லாக் மட்டும் பாதியில் நிற்கிறது என்றால், அதைத் தோண்டிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டுக் கூட்டாளி சர்வரின் லாகைத் திறக்க வேண்டும். எத்தனை மணிக்கு, எதனால் அதை அணைத்தது என்பது அங்கே எழுதியிருக்கும்.